பல்பு மாற்றியும் வெளிச்சம் இல்லையா?

(பழைய வேன்களின் முகப்பு விளக்கு குறித்துப் பல வாசகர்கள் எழுதியிருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.)

கேள்வி: ஐயா, என்னிடம் 2004ஆம் ஆண்டு வாங்கிய மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாட்கள் விடியற்காலை இரண்டு மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிறேன். முகப்பு விளக்கு அரிக்கேன் விளக்கைப் போல மஞ்சளாக எரிகிறது. ஒரே வருடத்தில் இரண்டு முறை புது பல்பு மாற்றியும் பலனில்லை. வண்டி ஓரிடத்தில் நின்றால் இன்னும் மங்குகிறது. பட்டறையில் 100/90 வாட் பல்பு போடச் சொல்கிறார்கள்; உதிரிபாகக் கடைக்காரர் எல்இடி போடச் சொல்கிறார். எதைப் போடுவது? – தேனி மாவட்ட வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் போட வேண்டாம். புது பல்பு இரண்டு முறை மாற்றியும் வெளிச்சம் கூடவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால், குறை பல்பில் இல்லை என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்சாரம் பல்புக்கு வந்து சேருவதற்குள் வழியில் எங்கோ தேய்ந்துபோகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் கடையில் பணம் கொடுப்பது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் தேடுவதைப் போன்றது.

உங்கள் வண்டியில் இருக்கும் எச்4 வகை ஹாலோஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். இந்தப் பல்பின் தர அளவை 13.2 வோல்ட்டில்தான் சோதிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் டிம் இழை சுமார் 1,000 லூமென், பிரைட் இழை சுமார் 1,650 லூமென் ஒளி தர வேண்டும். ஆனால் வோல்ட் குறைந்தால் ஒளியும் அதே விகிதத்தில் குறையும் என்று நினைத்துவிடக் கூடாது. இழை விளக்கில் ஒளி அதைவிடப் பல மடங்கு வேகமாக விழும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 12 வோல்ட் கிடைத்தால் ஒளி ஏறக்குறைய 72 சதவீதமாகிவிடும்; 11 வோல்ட் என்றால் பாதியை ஒட்டி நின்றுவிடும். குறைந்த அழுத்தத்தில் இழை போதுமான அளவு சூடேறாது என்பதால் வெளிச்சம் மஞ்சளடிக்கும். நீங்கள் சொல்லும் அரிக்கேன் நிறத்துக்குக் காரணம் இதுவே.

இதைக் கண்டறிய ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை டிம்மில் எரியவிட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஹோல்டரைப் பல்பிலிருந்து கழற்றாமல், அதன் பின்புறத் துளைகள் வழியாக மீட்டர் ஊசியை நுழைத்து, பல்பின் காலிலேயே அளவு எடுங்கள். கழற்றிவிட்டு அளந்தால் மின்சாரம் ஓடாது. ஓடாதபோது எவ்வளவு கெட்ட வயரும் நல்ல வோல்ட்டைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும். பட்டறைகளில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்துவிட்டு, "கரெண்ட் நன்றாக வருகிறது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஏமாற்றத்தினால்தான். பேட்டரியிலும் பல்பிலும் எடுத்த அளவுகளுக்கு இடையே அரை வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் வயரிங்கைக் குறை சொல்ல முடியாது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் வேலை இருக்கிறது என்று பொருள்.

அந்த இழப்பு எந்தப் பக்கத்தில் என்பதை அடுத்ததாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஓர் ஊசியைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மற்றதைப் பல்புக்குப் பாசிட்டிவ் வரும் காலிலும் வைத்தால் போகும் வழியில் விழும் வோல்ட் நேரடியாகத் தெரியும். பேட்டரியின் நெகட்டிவிலும் பல்பின் எர்த் காலிலும் வைத்தால் திரும்பும் வழியில் விழுவது தெரியும். பழைய வண்டிகளில் இந்த எர்த் பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்தவரின் வேனில் இப்படி அளந்தபோது பேட்டரியில் 13.9 வோல்ட், பல்பில் 11.6 வோல்ட் இருந்தது. இழந்த 2.3 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் எர்த்திலேயே போயிருந்தது. விளக்கின் அருகே பாடியோடு முடுக்கியிருந்த திம்பிளை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) கழற்றினால், அதன் அடியில் களிம்பு ஏறிப் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. போல்ட் இருந்த இடத்தில் யாரோ பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்ட்டின் மேலேயே எர்த்தை முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுத் திம்பிள் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவியதுதான் அன்று செய்த வேலை. காசு என்று பார்த்தால் தேநீர்ச் செலவுதான்.

எனவே நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். பேட்டரி முனைகள், பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த எர்த் கேபிள்கள், விளக்குகளின் எர்த், பியூஸ் பெட்டியின் கவ்விகள், பல்பு ஹோல்டர் ஆகிய ஒவ்வொன்றையும் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்கமாகப் பொருத்துங்கள். ஹோல்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ உருகியிருந்தாலோ அதைத் தேய்த்துப் பயனில்லை. செராமிக் ஹோல்டராக மாற்றிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாசிட்டிவ் பக்கத்தில் ஒரு வோல்ட் போகிறதென்றால், வயரின் தடிமனும் ஸ்டியரிங்கை ஒட்டிய சுவிட்சுமே காரணம். இரண்டு டிம் இழைகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடுகிறது. அந்த மின்சாரம் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 5 மீட்டர் பயணம் செய்தாலே முக்கால் வோல்ட் போய்விடும். அதே தூரத்தை 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் கடந்தால் 0.3 வோல்ட்தான் போகும். இருபது ஆண்டுகளாகத் தினமும் தட்டப்பட்ட சுவிட்சின் தேய்ந்த முனைகள் இதற்கு மேலும் கொஞ்சம் தின்னும். இப்படி 2 வோல்ட் வழியிலேயே தொலைகிறதென்றால், 9 ஆம்பியரில் 18 வாட் மின்சாரம் வயரையும் சுவிட்சையும் சூடாக்குவதற்கே செலவாகிறது என்று அர்த்தம்.

இதற்குத் தீர்வு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வழியாக, விளக்குகளின் அருகில் பொருத்திய ரிலேவுக்கு வரும். அங்கிருந்து குறுகிய தூரத்தில் பல்புக்குப் போகும். பழைய சுவிட்ச் இனிமேல் பல்பை எரிக்காது. ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம் என்பதால் சுவிட்சும் பிழைத்துக்கொள்ளும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் தேவை. ரிலேயின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்களில் 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 என்பது பல்புக்குப் போவது, 85ம் 86ம் சுருளின் இரு முனைகள். ஒவ்வொரு ரிலேவுக்கும் தனித்தனியாக 15 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். ஒரே பியூஸில் இரண்டையும் தொங்கவிட்டால், அது போகும் இரவில் மலைப்பாதையில் இருட்டில் நிற்பீர்கள். எர்த்துக்கும் அதே தடிமனில் வயர் இழுங்கள். பாசிட்டிவுக்குத் தடித்த வயரும் எர்த்துக்கு நூல் போன்ற வயரும் போட்ட கிட்டுகள் சந்தையில் விற்கின்றன, பார்த்து வாங்குங்கள்.

ரிலே பொருத்துமுன் ஒன்றை அவசியம் சரிபார்க்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பிலிருந்து வந்த வண்டிகளில் சிலவற்றில் பாசிட்டிவ் எப்போதும் பல்பின் பொதுக் காலுக்கு வந்து நிற்கும். டிம், பிரைட் சுவிட்ச் எர்த் பக்கத்தைத்தான் இணைத்தும் துண்டித்தும் வேலை செய்யும். அப்படிப்பட்ட வண்டியில் வழக்கமான முறையில் ரிலேயை இணைத்தால் விளக்கு எரியாது, அல்லது அணையாது. ஹோல்டரைக் கழற்றி, விளக்கு சுவிட்சைப் போட்டு, மூன்று கால்களில் எதில் பாசிட்டிவ் வருகிறது, டிம் பிரைட் மாற்றும்போது எது மாறுகிறது என்று பார்த்தால் இது புரிந்துவிடும். (கழற்றிவிட்டு அளக்கக் கூடாது என்று மேலே சொன்னது வோல்ட் இழப்பைப் பார்ப்பதற்கு, இது எந்தக் கால் எது என்று பார்ப்பதற்கு.) உங்கள் ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் இதைச் சொன்னால், விஷயம் தெரிந்தவராக இருந்தால் உடனே தலையாட்டுவார்; விழித்தால் வேறொருவரிடம் போங்கள்.

நின்றால் மங்குகிறது என்ற உங்கள் குறை இதிலிருந்து வேறானது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டர் குறைவாகவே மின்சாரம் தரும் என்பதால் சற்று மங்குவது இயல்பு. கண்ணுக்கு உறுத்தும்படி மங்கினால், முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்கை எரியவிட்டு இன்ஜினைச் சற்று வேகப்படுத்தினால் பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். அது 13ஐத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், அல்லது வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் ரிலே போடுவது வீண்வேலை. அதேபோல 14.5ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். அழுத்தம் 5 சதவீதம் கூடினாலே ஹாலோஜன் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வண்டியில் பல்பு அடிக்கடி போகிறது என்று எழுதும் வாசகர்களுக்கும் இதுவே பதில்.

இப்போது உங்கள் பட்டறைக்காரர் சொன்ன 100/90 பல்புக்கு வருவோம். 55 வாட்டுக்குப் பதில் 90 வாட் போட்டால் 9 ஆம்பியருக்குப் பதிலாக 15 ஆம்பியர் ஓடும். வயர் அதேதான் என்பதால் 2 வோல்ட் தொலைந்த இடத்தில் 3 வோல்ட்டை நெருங்கித் தொலையும். வெளிச்சம் ஓரளவு கூடினாலும் அதைவிட வேகமாக ஹோல்டர் உருகும், சுவிட்ச் கருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு வெப்பத்தில் வெளுக்கும். வழக்கமான 60/55 பல்பை நல்ல நிறுவனத் தயாரிப்பாக வாங்கிப் போட்டு, அதற்கு முழு வோல்ட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் டூரிஸ்ட் வேனுக்கு எல்இடி பல்பு போட்டோம். சுவரில் அடித்தால் பகல் மாதிரி இருக்கிறது. ஆனால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து டிம் டிப் அடிக்கிறார்கள். மழை பெய்தால் முன்பைவிடச் சாலை தெரியவில்லை. ஏன்? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: பழைய ஹாலோஜன் பல்பு ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். முன்னால் இருக்கும் டிம் இழைக்கு அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு உலோகக் கிண்ணம் தெரியும். அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் அடித்துவிடாமல் அது தடுக்கிறது. இழையும் ஒரு மெல்லிய கோடு; ரிஃப்ளெக்டரின் வளைவும் கண்ணாடியின் பள்ளமேடுகளும் அந்தக் கோட்டின் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. எல்இடி பல்பில் இழைக்குப் பதில் இரு பக்கமும் தட்டையாக ஒட்டிய சில்லுகள்தான் உள்ளன. அவற்றின் அகலமும் இடமும் இழையோடு ஒத்துப்போகாவிட்டால் ஒளி நாலாபக்கமும் சிதறும். மொத்த வெளிச்சம் கூடியிருக்கும். அது சாலையின் தூரத்தில் போய் விழாமல், வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரிலும் எதிராளியின் முகத்திலும் விழுந்துகொண்டிருக்கும்.

சுவரில் பார்த்து மகிழ்ந்தது இதனால்தான் ஏமாற்றம் தருகிறது. பக்கத்துத் தரை பளிச்சென்று இருந்தால் நம் கண்மணி சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்து மாடும் ஓரத்தில் நடப்பவரும் தெரிய மாட்டார்கள். மழையில் மேல்நோக்கிச் சிதறும் ஒளி துளிகளில் பட்டு நம்மிடமே திரும்பி, முன்னால் வெள்ளைத் திரை கட்டியது போலாகிவிடும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988ன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989ன் 106ஆம் விதி, 8 மீட்டர் தூரத்தில் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி விளக்கின் ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் 2020ல் ஓஸ்ராம் நிறுவனத்தின் ஓர் எல்இடி மாற்று பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தபோதுகூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று அட்டைப்பெட்டியில் எழுதி விற்பதை நம்பித் தூர வழி வேனில் போட வேண்டாம். கழற்றிவிட்டு ஹாலோஜனுக்கே திரும்புங்கள். தேனி வாசகருக்குச் சொன்ன ரிலே வேலை உங்களுக்கும் பொருந்தும். பிறர் டிப் அடித்துத் திட்டுவது நின்றுவிட்டால் ஓட்டுநரின் மனமும் ஒரு நிலையில் இருக்கும்.

கேள்வி: கடலோரத்தில் இருப்பதால் என் வேனின் விளக்குக்குள் ரிஃப்ளெக்டர் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. சில்வர் பெயின்ட் அடிக்கலாமா? வெளிக்கண்ணாடியைப் பற்பசையால் தேய்த்தால் தெளியுமா? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: சில்வர் பெயின்ட் கூடவே கூடாது. ரிஃப்ளெக்டரின் பளபளப்பு, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் கண்ணாடியைப் போல ஒளியை ஒரு திசையில் திருப்பாது, சிதறடிக்கும். துணியால் துடைத்தாலே அந்தப் படலம் விரலோடு வந்துவிடும் என்பதால், உள்ளே தூசி இருந்தால் காற்றடித்து ஊதிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மங்கிய ரிஃப்ளெக்டருக்கு மாற்று விளக்கு ஒன்றே வழி.

மாற்றும்போது, பழையது ஏன் மங்கியது என்றும் பாருங்கள். பல்பின் பின்னால் போடும் ரப்பர் மூடி கிழிந்திருக்கும், அல்லது முன்பு யாரோ பல்பு மாற்றிவிட்டு அதைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள். உப்புக் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. புது விளக்கோடு புது மூடியும் வாங்குங்கள். இன்னொன்று, நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் ஓடுவதால், டிம் ஒளியின் மேல் விளிம்பு இடது பக்கம் மட்டும் சற்று ஏறியிருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், அந்த ஏற்றம் வலது பக்கம் அமைந்து எதிரே வருகிறவரின் கண்ணிலேயே அடிக்கும்.

வெளிக்கண்ணாடி உண்மையிலேயே கண்ணாடியாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். பிற்கால வண்டிகளில் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மேல்பூச்சு கெட்டுப்போய் மஞ்சளாகிறது. பற்பசையில் தேய்த்தால் சில வாரங்கள் தெளிவாகத் தெரியும், பிறகு முன்பைவிட மோசமாகும். 800ல் தொடங்கி 2,000 வரை படிப்படியாக நைசான உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சு அடித்தால்தான் நிற்கும். அந்தக் கடைசிப் பூச்சைத் தவிர்த்துவிட்டு விலையைக் குறைத்துச் சொல்லும் கடைகளுக்குப் போக வேண்டாம்.

கேள்வி: டிம்மில் ஓட்டும்போது டாஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கும் லேசாக எரிகிறது. வலது விளக்கு இடதைவிட மங்கல். – உதகமண்டலம் வாசகர்

பதில்: வலது விளக்கின் எர்த் போய்விட்டது. அந்த விளக்கின் டிம் இழை வழியாக வந்த மின்சாரம், பாடிக்குத் திரும்ப வழியில்லாமல், பிரைட் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து நீல விளக்கு வழியாகவும் அடுத்த விளக்கு வழியாகவும் எர்த்தைத் தேடுகிறது. வலது விளக்கின் எர்த்துக்கும் பாடிக்கும் தற்காலிகமாக ஒரு வயரைத் தொடுத்துப் பாருங்கள். நீல விளக்கு அணைந்து வலது பக்கம் பளிச்சென்றால், அந்த எர்த்தைப் புதிதாகப் போட்டால் வேலை முடிந்தது.

கேள்வி: கணவரும் நானும் மாறி மாறி ஓட்டும் கேட்டரிங் வேன் இது. பின்னால் பாத்திரங்களும் சிலிண்டரும் ஏற்றிவிட்டால், டிம்மில் ஓட்டினாலும் எதிரே வருபவர்கள் கோபப்படுகிறார்கள். காலி வண்டியில் அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் சாலை கிட்டத்தில் மட்டும்தான் தெரிகிறது. – சிவகங்கை வாசகி

பதில்: உங்கள் விளக்கின் ஒளியில் குறையில்லை அம்மா, அதன் நோக்கில்தான் குறை. பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் நிமிரும். வண்டி ஒரு பாகை நிமிர்ந்தாலே 10 மீட்டர் தூரத்தில் ஒளி சுமார் 17 சென்டிமீட்டர் மேலே போய்விடும். புது வண்டிகளில் இதற்கென ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகு உண்டு. பழைய வேனில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் இரவில் பெரும்பாலும் பாரத்தோடு போவீர்களா, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புவீர்களா என்று எழுதவில்லை. பாரத்தோடு போகும் நாட்களே அதிகம் என்றால் அந்தப் பாரத்தை ஏற்றிவைத்தே சரிசெய்யுங்கள். டயர்களில் சரியான காற்று இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். சமதரையில், வெள்ளைச் சுவருக்கு நேராக, விளக்கிலிருந்து சுவர் 10 மீட்டரில் இருக்குமாறு வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் மையம் எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறதென்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் ஒளிக்கும் இருட்டுக்கும் இடையே உள்ள விளிம்பு இந்த இரண்டாம் கோட்டில் நிற்க வேண்டும்; இடப்பக்கம் மட்டும் சாய்வாக மேலேறும். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதை விளக்கின் திருகுகளால் சரிசெய்யுங்கள்.

இந்த 10 சென்டிமீட்டர் கணக்கு சும்மா வந்ததில்லை. விளக்கு 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம் தாழும் ஒளி 80 மீட்டரில் தரையைத் தொடும். யாரோ எதிராளிக்குப் பயந்து 20 சென்டிமீட்டர் தாழ்த்திவிட்டால் அது 40 மீட்டராகச் சுருங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. காலி வண்டியில் உங்களுக்குக் கிட்டத்தில் மட்டும் தெரிவது, ஏற்கெனவே யாரோ இப்படி அளவுக்கு மீறித் தாழ்த்தி வைத்திருப்பதாலோ என்று சந்தேகிக்கிறேன். அப்படியும் பாரத்தில் ஒளி மேலேறுகிறதென்றால் பின்புறப் பட்டைகள் (பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங்குகள்) தொய்ந்திருக்கின்றன. அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 63. நீங்கள் முன்பு எழுதியபடி ரிலே, புது விளக்கு, நோக்கு எல்லாம் செய்துவிட்டேன். மகன் ஓட்டினால் நன்றாகத் தெரிகிறது என்கிறான், எனக்குத் தெரியவில்லை. – திண்டுக்கல் வாசகர்

பதில்: மகன் சொல்வதை நம்புங்கள், வண்டியில் குறை தேடுவதை விட்டுவிடுங்கள். வயது ஏற ஏறக் கண்மணி இருட்டில் முன்போல விரியாது, கண்வில்லையும் மஞ்சளாகும். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா, அது கடந்த பின் சில விநாடிகள் ஒன்றும் தெரியாமல் போகிறதா என்று கவனித்து, இரண்டில் ஒன்று இருந்தாலும் கண் மருத்துவரிடம் கண்புரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும் நாள்வரை காத்திராமல் ஒன்று செய்யலாம். வண்டியின் முன்கண்ணாடியை உட்புறத்தில் துடைத்து எத்தனை மாதமாயிற்று? ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, பிறகு உலர்ந்த செய்தித்தாளால் தேய்த்துப் பாருங்கள். தாளில் ஒட்டும் பழுப்பு நிறமே இரவில் உங்கள் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவில் இருந்தது. அதன் பிறகும் விளக்கொளியில் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாக மின்னினால், மணலும் வைப்பரும் கீறிய கண்ணாடி அது. வைப்பர் ரப்பரை மட்டும் மாற்றித் தீராது, கண்ணாடியையே மாற்ற வேண்டும்.